அசல் அலறல்

"கதவைத் திற... மூச்சு முட்டுது."

அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தபோது கதாநாயகி கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தக்கூட இல்லை. "முட்டட்டும்" என்றாள்.

பயமெல்லாம் எப்போதோ போயாயிற்று. இப்போது இருந்தது ஆத்திரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தவள், பாதி திறந்து பல்லிளித்துக்கொண்டிருந்த அலமாரிக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தி, இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டிருந்தாள். அப்படியும் எரிச்சல் அடங்கவில்லை.

ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் கிடந்த அந்தப் பழைய பங்களாவில்தான் முழுப் படப்பிடிப்பும். கதை சின்னது. புருஷனை அலமாரிக்குள் அடைத்துக் கொல்கிறாள் மனைவி. செத்தவன் உள்ளேயிருந்து தட்டித் தட்டியே அவளைப் பைத்தியமாக்குகிறான்.

டைரக்டருக்கு நடிப்பு என்றாலே ஆகாது. "உன் அலறல் பொய்யா இருக்கு. அசலா ஒண்ணு அலறு, அன்னைக்கே உன்னை அனுப்பிடறேன். அதுவரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர முடியாது" என்று சொல்லிவிட்டார். யாரும் அவளோடு பேசக் கூடாது, கூப்பிட்டால் திரும்பக் கூடாது, பேசினால் வேலை காலி. மேக்கப் அக்காகூட முகத்தில் பவுடரைப் பூசிவிட்டு ஊமை மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

திரைச்சீலைக்குள் ஒரு கேமரா எந்நேரமும் ஓடும். கீழேயிருந்து சவுண்டுக்காரர் நினைத்தபோதெல்லாம் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரில் தட்டலையும் கெஞ்சலையும் ஓடவிடுவார். பேயின் குரல் டைரக்டருடையதுதான். தன் மூச்சிழுப்புக்கான மருந்தை உறிஞ்சி உறிஞ்சி அவரே பேசிப் பதிவு செய்திருந்தார்.

அதுவும் போதாமல் நேற்று கட்டிலுக்கு அடியில் பதுங்கிக் கிடந்து அவள் காலைப் பிடித்தார் அந்த மனிதர். அப்போதும் அவள் அலறவில்லை. செருப்பைத்தான் கழற்றினாள்.

டொக் டொக் என்று தட்டல் பலத்தது.

"நான்தான்... விளையாடாதே. திற."

வசனம் புதிதாக இருந்தது. உட்கார்ந்து எழுதிச் சேர்த்திருப்பார், வேறு என்ன வேலை அவருக்கு? அவள் சீப்பை விட்டெறிந்துவிட்டுத் திரைச்சீலைக்கு நேராகப் போய் நின்றாள்.

"பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க? நல்லா பாருங்க. என் பொண்ணு காய்ச்சல்ல கிடக்கா. ஒரு போன் பேச விட்டீங்களா? நான் துடிச்சா உங்களுக்குப் படம். மாட்டேன். நீங்க தலைகீழா நின்னாலும் என் வாயிலேருந்து சத்தம் வராது."

அலமாரி அதிர்ந்தது. உள்ளே எதையோ உதைப்பது போலக் கேட்டது. பிறகு குரல் தேய்ந்துபோய் வந்தது.

"தயவுசெஞ்சு... திறம்மா..."

டைரக்டர் வாயிலிருந்து 'தயவுசெஞ்சு' என்ற சொல்லை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்தவரை வாட்டி எடுக்கிறவருக்கு நடிப்பு எவ்வளவு நன்றாக வருகிறது என்று வயிறு எரிந்தது.

"கெஞ்சுங்க. இன்னும் நல்லா கெஞ்சுங்க" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மறுபடி தலை வாரத் தொடங்கினாள்.

நகத்தால் பிறாண்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. அப்புறம் அதுவும் ஓய்ந்தது. ஒருவழியாகத் தோற்றுப்போய் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தபோது, இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். சவுண்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்துகொண்டிருந்தார்.

"என்ன, ஸ்பீக்கர்ல தட்டித் தட்டிக் கை வலிக்குதா? போய்ச் சொல்லுங்க உங்க டைரக்டர்கிட்ட. நான் அலறலைன்னு சொல்லுங்க."

வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிற மனிதர் அன்றைக்கு நின்றார். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"ஸ்பீக்கர் காலையிலேயே எரிஞ்சு போச்சும்மா. அதைச் சொல்லத்தான் டைரக்டரைத் தேடிக்கிட்டிருக்கேன், ஆளையே காணோம்."