ஒரே பாத்திரம்

"ஆண்டவர் கையை நீட்டினார். அந்தக் குஷ்டரோகியைத் தொட்டார்" என்று சொல்லி, தேவசகாயம் தன் வலது கையை வீட்டுச் சுவரைப் பார்த்து நீட்டினார்.

சபைக்குப் போகுமுன் வீட்டில் சொல்லிப் பார்க்கும் பிரசங்கத்தின் கடைசி வரி அது. அந்த இடத்தில் முசரவாக்கம் சபையில் பாதிப்பேர் அழுதுவிடுவார்கள். இன்றைக்கு ஒருத்தி அழுதால் போதும் அவருக்கு.

அந்த ஒருத்தி அங்கேதான் இருந்தாள். தரையில் போர்வையை விரித்து, கரிப்பெட்டியால் அவருடைய வெள்ளை ஜிப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்லியம்மாள், அவர் மனைவி.

மாதத்தின் முதல் ஞாயிறு. காஞ்சிபுரத்திலிருந்து போதகர் சைக்கிளில் வந்து, அப்பமும் பாத்திரத்தில் திராட்சரசமுமாக இராப்போஜனம் கொடுப்பார். பிரசங்கம் மட்டும் உபதேசியார் தேவசகாயத்துடையது.

செல்லியம்மாள் இராப்போஜனம் எடுத்து இரண்டு வருஷமாகிறது. எல்லாரும் எழுந்து போய் முழங்கால் போடும்போது அவள் மட்டும் பாயிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள்.

மனசில் பாவத்தை ஒளித்து வைத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது என்று சபைக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அப்படியானால் இவள் மனசில் என்ன இருக்கிறது? ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது என்று கிணற்றடியில் சிரிக்கிறார்கள்.

சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரியில் தனிப்பாய் போட்டுக்கொண்டு தள்ளிப் படுக்கிறாளே, அதை யாரிடம் போய்ச் சொல்வது? காப்பியைக்கூடக் கையில் கொடுப்பதில்லை. கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

யோசித்து யோசித்து அவர் ஒரு பெயரில் வந்து நின்றிருந்தார். பிள்ளையார்பாளையத்துக் கலியாணசுந்தரம். அவருடைய தறிக்கூடத்துக்குத்தான் செல்லியம்மாள் பட்டு நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் பாதி வேலையில் திரும்பி வந்தவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஏன் என்று கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நெருப்பில்லாமல் புகையுமா?

அவளுக்காகவே எழுதிய பிரசங்கம் இது. பாவம் குஷ்டத்தைப் போல. முதலில் சின்னதாக ஒரு தேமல். வலித்தால் வைத்தியரிடம் ஓடுவோம், இதுதான் வலிக்காதே! சேலைக்குள்ளே மறைத்துக்கொண்டு நல்லவர்களோடு நல்லவர்களாக உட்கார்ந்துவிடலாம். உள்ளே உணர்ச்சி செத்துக்கொண்டே வரும். கடைசியில் நெருப்பை வைத்தாலும் தெரியாது. காட்டிவிடு, மகளே. காட்டினால் ஆண்டவர் கையை நீட்டித் தொடுவார்.

'சேலைக்குள்ளே' என்ற சொல்லை நேற்றுத்தான் சேர்த்திருந்தார். கைநீட்டிய வரியோடு முடித்துவிட்டு, மறுபடியும் அந்தச் சேலை வரிக்கே போனார். சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்.

செல்லியம்மாள் பெட்டியை ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு தலையைத் தூக்காமல் தேய்த்தாள்.

சரியான இடத்தில் குத்திவிட்டது என்று அவருக்குள் ஒரு சந்தோஷம். பாவி மனுஷன்.

அப்போதுதான் கருகல் வாடை வந்தது.

"எங்க பாத்துக்கினு தேய்க்கிற? ஜிப்பா கருகுது பாரு!"

அவள் பதறிப்போய் ஜிப்பாவைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை. வாடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

தேவசகாயம் கீழே பார்த்தார்.

தாழ்ப்பாள் உடைந்த பெட்டியிலிருந்து தெறித்த கரித்துண்டு ஒன்று, அவளுடைய இடது பாதத்தின் மேல் கனன்றுகொண்டிருந்தது.

அவள் இன்னும் ஜிப்பாவில்தான் கறை தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள். எறும்பைத் தட்டுவது போல அந்தக் கரியைத் தட்டிவிட்டாள். பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரே பாத்திரத்துல எல்லாரும் வாய் வைக்கிறாங்களே. புள்ளத்தாச்சி பூவம்மா கூட."

விரலிடுக்கில் இழை ஓடுவதே தெரியாதவள் எப்படிப் பட்டு சுற்றுவாள்? தனிப்பாய் யாருக்காக? கீழே வைத்த காப்பி யாருக்காக?

போன வருஷம், அறுபத்தேழு தேர்தல் முடிந்த கையோடு, குஷ்டத் தேமல் பார்க்கிற ஜீப் ஊருக்கு வந்தது. எல்லாரையும் கூட்டி வரிசையில் நிறுத்தியவர் தேவசகாயம். அன்றைக்குச் செல்லியம்மாள் வாலாஜாபாத் சந்தைக்குப் போயிருந்தாள்.

மாத்திரையில் குணமாகிற நோய்தான் என்று டாக்டர் சொன்னதை உரத்த குரலில் ஊருக்குச் சொன்னவரும் அவர்தான். வருஷக்கணக்காக அதே வாயால் பாவம், பாவம் என்று போட்ட சத்தத்தில், அது எங்கே அவள் காதில் நின்றிருக்கப் போகிறது?



சபைக் கோயிலில் முதல் மணி அடித்தது. தேவசகாயம் அவள் முன்னால் முழங்கால் போட்டார். கையை நீட்டினார்.

நெருப்புக்கு அசையாத அந்தப் பாதம் வெடுக்கென்று சேலைக்குள்ளே போய்விட்டது.

ஜிப்பாவை மடித்து அவருக்கு எதிரே கீழே வைத்துவிட்டு, செல்லியம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.