வெட்டியவர் பெயர்

"கோயில் வாசல்ல, ரோட்டோரமா நின்ன அரசமரத்தை வெட்டச் சொன்னது யாரு?"

கேட்டவர் பேராசிரியர் யோகேந்திரா. ஃபிஜித் தீவில், ரக்கிரக்கி என்ற ஊரில் பிறந்தவர். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த கையோடு பிரிஸ்பேனுக்குக் குடிபோனவர். இரண்டாயிரத்திலும் ஒரு கவிழ்ப்பு நடந்து, ஊர் ஓரளவு அடங்கிய மறுவருஷம், 'மதம், கல்வி, சுற்றுச்சூழல் அறம்' பற்றி ஆராய வந்திருந்தார். வெளியே அவருடைய வாடகைக் கார், ஏசி குளிர் குறைந்துவிடாமல் இருக்க, இன்ஜின் ஓடியபடியே நின்றது.

"நான்தான் சார்" என்றார் இந்திராவதி, கோயில் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை.

"நீங்களா? சுவத்துல 'மரம் நடுவோம்'னு எழுதியிருக்கு!"

"பிள்ளைங்க எழுதினது. நல்ல கையெழுத்து, இல்ல?"

"சாமி மரம்னு அதைச் சுத்திக் கும்பிட்டவங்கதானே நீங்க?"

"தினமும் கும்பிட்டேன்."

"அப்புறம் ஏன் வெட்டினீங்க?"

"இலை ரொம்பக் கொட்டுச்சு. பெருக்கி மாளல."

பேராசிரியரின் முகம் சுருங்கியது. பேனாவுக்கு மட்டும் குஷி. இப்படி ஒரு பதில் கிடைக்கத்தானே பல்கலைக்கழகம் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தது! 'பக்தி வாயளவில்' என்று எழுதி, இரண்டு கோடு போட்டார்.

"மண்ணு மேல கொஞ்சமாவது பாசம் இருந்தா இப்படிச் செய்வீங்களா?" என்று கேட்டார், அந்த மண்ணை விட்டுப் போய்ப் பதினாலு வருஷமானவர்.

இந்திராவதி மேஜை மேலிருந்த நோட்டுகளை அடுக்கினார்.

"உங்க பேரு என் புத்தகத்துல வரும், டீச்சர்."

"எழுத்துப் பிழை இல்லாமப் போடுங்க சார்."

கார் கிளம்பியதும் உதவி ஆசிரியை கம்லா பொரிந்து தள்ளினாள்.

"ஏன் டீச்சர் இப்படிப் பொய் சொன்னீங்க? போன வருஷக் கலவரத்தப்போ கொள்ளைக்காரங்க லாரியில வர்றாங்கன்னு தெரிஞ்சு, ரம்பத்தோட ஓடிவந்து மரத்தை ரோட்டுக்குக் குறுக்கே சாய்ச்சது பக்கத்துக் கிராமத்து செமிதானே? உள்ள அறுபது பிள்ளைங்க இருந்தாங்க. அவனும் அவங்களை மாதிரி ஃபிஜிப் பூர்வகுடிதான், ஆனா அன்னிக்கு இந்திய வம்சமான நம்மளைக் காப்பாத்தினான். அதை எழுதட்டுமே! ஊர் உலகத்துக்குத் தெரியட்டுமே!"

இந்திராவதி சன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"அந்த லாரியை ஓட்டிட்டு வந்தது செமியோட சொந்த அண்ணன், கம்லா. நான்தான் ஆள் வெச்சு மரத்தை வெட்டினேன்னு அவன் இன்னமும் நம்பிட்டிருக்கான். ரெண்டு பேரும் ஒரே வீட்ல உக்காந்து சாப்பிடுறாங்க."