மானத்தை வாங்கிய போன்

"யாரு போன் பண்ணினதுன்னு மட்டும் சொல்லிடுங்க. வேற எதுவும் எனக்கு வேணாம்."

மைதானத்து ஷெட்டுக்குள் நுழைந்த டிரைவிங் மாஸ்டர் உட்காரக்கூட இல்லை. அவர் மனைவி வாசல் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

கோச்சக்கா கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தாள். பாதி காற்றடித்த பந்து அவள் மடியிலிருந்து நழுவிச் சுவரோரம் போய் நின்றது.

அந்தக் குடியிருப்பில் போதை மாத்திரையும் அடிதடியும் தலையெடுத்த பிறகு, பெற்றோர்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். சாயங்காலம் பையன்களுக்குக் கால்பந்து. எவனாவது தடம் மாறுவது தெரிந்தால் ரகசியமாகச் சொல்ல ஒரு போன் நம்பர். இரண்டையும் பார்த்துக்கொண்டவள் கோச்சக்காதான்.

"முதல்ல உட்காருங்க மாஸ்டர். பையனுக்கு இப்போ பரவாயில்ல. சிகிச்சை மையத்துல நல்லா பார்த்துக்கிறாங்க. கொஞ்சம் சாப்பிட ஆரம்பிச்சுட்டான்."

"அவனைப் பத்தி நான் கேட்கல. அவனைக் காட்டிக் கொடுத்தது யாரு?"

"பேரை வெளிய விடறதில்லைன்னு முடிவு பண்ணினோமே. நீங்களும்தானே கை தூக்கினீங்க?"

மாஸ்டரின் காது மடல்கள் சூடாயின. கை மட்டுமா தூக்கினார்? அன்றைக்கு மைக்கைக் கேட்டு வாங்கி, 'பிள்ளையை வளர்க்கத் தெரியாதவங்க எதுக்குப் பெத்துக்கணும்?' என்று முழங்கியவர் அவர்தான். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. மாத்திரைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பையனின் அப்பா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, தலையைக் குனிந்தபடி வெளியே போனதையும் அவர் பார்த்திருந்தார்.

"கிளாஸ் முடிச்சு வீட்டுக்கு வர்றேன், பட்டப்பகல்ல வாசல்ல சிகிச்சை மையத்து வேன் நிக்குது. பக்கத்து வீடு, எதிர் வீடு, மொட்டை மாடின்னு ஒரு இடம் பாக்கியில்ல, அத்தனை பேரும் வேடிக்கை. எல்லாரும் எங்கிட்ட வண்டி கத்துக்கிட்டவங்க. 'பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி'ன்னு ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் பெத்த பிள்ளைக்குப் பிரேக் இல்லைன்னு சிரிக்க மாட்டாங்களா? இப்போ பழக வர்ற பொண்ணுகூட ரோட்டைப் பாக்காம என் மூஞ்சியைப் பாக்குது!"

"யாரும் சிரிக்கல மாஸ்டர்."

"உங்களுக்குத் தெரியாது. அவன் மாத்திரை போடறது எனக்கு முன்னாடியே தெரியும். பெல்ட்டை உருவி விளாசிக்கிட்டுத்தான் இருந்தேன். நாலு சுவத்துக்குள்ளேயே சரி பண்ணியிருப்பேன். அதுக்குள்ள எவனோ மூக்கை நுழைச்சுட்டான். எதிர்வீட்டுக்காரனா? வண்டி நிறுத்தற தகராறுல என் மேல கடுப்புல இருக்கான்."

"அவர் இல்ல."

"டியூஷன் டீச்சரா?"

"இல்ல."

மாஸ்டர் யோசித்தார். வெளியாள் யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்த விஷயம். அப்படியானால் வீட்டுக்குள்ளிருந்துதான் போயிருக்க வேண்டும். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நீயா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது. "நானா இருந்தா என்ன செய்வீங்க?"

"கட்டின புருஷன் மானத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டு, கேள்வி வேறயா?"

கை தானாக ஓங்கியது. அவள் விலகவில்லை. கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டு, கன்னத்தை லேசாகத் திருப்பினாள். பழகிப் போன திருப்பல்.

அதைக் கோச்சக்கா பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை மாஸ்டரும் பார்த்துவிட்டார். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு. சட்டைக் காலரைச் சரிசெய்வது போல் இறக்கினார். வேனைப் பார்த்துக் கூடிய கூட்டத்தின் முன்னால்கூட அவர் இப்படிக் கூசிப் போனதில்லை.

"அவங்க இல்ல மாஸ்டர்," என்றாள் கோச்சக்கா. "நான் யார்கிட்டயும் பேரைச் சொல்றதில்ல. ஆனா போன் பண்ணினவங்களே, 'மாஸ்டர் கேட்டா சொல்லிடுங்க'ன்னு சொல்லிட்டாங்க. அதனால சொல்றேன். கேட்டுக்கிற தைரியம் இருக்கா?"

மாஸ்டர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். "சொல்லுங்க."

"ஒரே அழுகை. பேச்சே வரல. 'மாத்திரை போடற பையன் ஒருத்தன், கத்தியைத் தலையணைக்கு அடியில வச்சிருக்கான்க்கா. அவங்கப்பா இன்னொரு தடவை பெல்ட்டை உருவினா குத்திடுவான். அவர் கிளாஸ் முடிச்சு வர்றதுக்குள்ள வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிடுங்க. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது'ன்னு கெஞ்சினாங்க. இருட்டட்டும்னு காத்திருக்க நேரமில்ல. அதான் பட்டப்பகல்ல வேனை அனுப்பச் சொன்னேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டர் தன் உயிருக்காக அழக்கூடிய ஒரு ஆளை வீதி வீதியாக மனத்துக்குள் தேடிப் பார்த்தார். ஒருவரும் அகப்படவில்லை.

"எனக்காக… எனக்காக அழுதது யாரும்மா?"

கோச்சக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நானும் 'யாரு தம்பி பேசறது?'ன்னுதான் கேட்டேன் மாஸ்டர். 'அந்தப் பையன் நான்தான்க்கா'ன்னான்."