கறிவேப்பிலைக்குக் காவல்

கிரெய்கிபர்ன் என்ற புறநகரில், வீட்டின் பின்வளவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது. கறிவேப்பிலைச் சாடியில் குளிர் படாமல் சாய்த்து வைத்த பலகையில் நளாயினி சிரிக்கிறாள். போன முறை நகரசபைத் தேர்தலில் நின்று தோற்றபோது அடித்த பலகை. முகத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், ‘முதியோர் வாசலுக்கே இலவச பஸ்’. குசினி யன்னலுக்கு இந்தப் பக்கம் அதே நளாயினி சிரிக்காமல் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நிற்கிறாள். ஹோலில் தொலைக்காட்சி சத்தமாக ஓடுகிறது. கனடாவில், ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்தில், அவளுடைய மச்சாள் சுபோதினி பேச எழும்புகிறாள். கரும்பச்சைக் காஞ்சிபுரம், தோளில் ஒற்றை ஊசி, பின்னால் மெருகேறிய மரக் கதிரைகள். முதியோரின் வாசலுக்கே மாகாண அரசு இலவச பஸ் விடவேண்டும் என்கிறாள். சுற்றியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். நளாயினியின் கையில் தேத்தண்ணி அந்தரத்தில் நிற்கிறது. தன் தேர்தல் நோட்டீசைக் குடும்ப வாட்சப்பில் போட்டவள் நளாயினிதான். மச்சாள் அன்றைக்கு ஒரு பெருவிரல் படம் மட்டும் போட்டாள். சேலை வேறு அவளுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

“நளா, இஞ்ச வந்து என்ர தங்கச்சியைப் பாரும்!” கணவர் குகதாசன் கண்ணைத் துடைக்கிறார். “எப்பிடித்தான் இவளுக்கு இந்த யோசனையெல்லாம் வருதோ!”

“ஓம், எனக்கும் அதுதான் விளங்கேல்லை.”

பின்கதவால் இறங்கிப் போகிறாள். பனி சொட்டச் சொட்டப் பலகையைத் தூக்கிவந்து அவருக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நிறுத்துகிறாள். குகதாசன் பலகையில் சிரிக்கும் முகத்தைப் பார்க்கிறார், எழுத்தையும் பார்க்கிறார்.

“ஐயோ, ஏன் இதை எடுத்தனீர்? கறிவேப்பிலை கருகிப்போமெல்லோ!”