வரிமுத்துவின் வாதாங்கொட்டை

வரிமுத்து என்ற கிழட்டு அணில் காலையிலிருந்து வாதாமரத்தடியில் ஏழு குழி தோண்டிவிட்டது. நேற்றுப் புதைத்த கொட்டையைக் காணவில்லை. புத்தி பேதலித்த அணிலைப் பொந்தை விட்டு விரட்டுவது அந்த மரத்து வழக்கம்.

"மாப்ளே, எனக்குப் புத்தி போயிடுச்சு. வச்ச இடமே ஞாபகமில்ல" என்று கிளையிலிருந்த காகத்திடம் அழுதது.

"இடம் மறந்தா பரவாயில்ல மாமா. கொட்டை எதுக்குன்னே மறந்தாத்தான் பயப்படணும். இந்தா, இதை நீ என்ன செய்யறேன்னு பார்ப்போம்" என்று காகம் தன் கூட்டிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் போட்டது.

வரிமுத்து அதை உருட்டி, முகர்ந்து, பல்லை வைத்தது. ஏற்கெனவே இருந்த கடித்தடத்தில் பல் அச்சாகப் பொருந்தியது. வால் விறைத்தது.

"அடப்பாவி! இது என் உடைஞ்ச பல்லோட தடமாச்சே! நேத்து நான் புதைக்கும்போது இதே கிளையில தூங்குற மாதிரி நடிச்சியேடா! போன மழைக்கு என் மாம்பிஞ்சு, அதுக்கு முந்தின பங்குனியில என் இலவம்பஞ்சு..."

"உன் புத்திக்கு ஒண்ணுமில்ல மாமா" என்று காகம் பறந்தே போய்விட்டது.

"மிச்சத்தையும் கேட்டுட்டுப் போடா!"

வரிமுத்துவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அந்த மரத்தில் ஒரு அணிலும் இதுவரை சொன்னதில்லை. கொஞ்சம் மறந்தால் தேவலை என்றுதான் சொல்லிக்கொள்கின்றன.