இரண்டாம் திரையைக் காணோம்

"கொஞ்சம் மெதுவாப் பேசு மச்சான், உங்க அக்காவுக்குப் பாம்புக் காது!"

கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார் பிளான்காரர். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். மேஜையில் ஒரு லேப்டாப், அதற்கு இடமும் வலமுமாக இரண்டு மானிட்டர்கள். வலது பக்கத்தது சமர்த்தாக எரிந்தது. இடது பக்கத்துப் பெரிய மானிட்டர்தான் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது.

"நான் போன்ல கத்தினாக்கூட அக்காவுக்கா கேக்கப் போகுது? நீங்க மெதுவாப் பேசுங்க மாமா," என்றான் மச்சான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். "எப்பலேருந்து இப்படி?"

"நேத்து எல்லாரும் படம் பார்க்கணும்னு வயரையெல்லாம் கழட்டி மாட்டினேன். அதுலேருந்து இது கண்ணையே தொறக்கலை."

"வயர் ரெண்டு பக்கமும் இறுக்கமா இருக்கா பாருங்க."

மானிட்டரின் முதுகைத் தடவினார். இறுக்கம். லேப்டாப்பில் செருகியிருந்ததை ஆட்டினார். அதுவும் இறுக்கம். நடுவே, மேஜைக்குப் பின்னால் பின்னிக் கிடந்த வயர்க் கும்பலைக் குனிந்து பார்க்க அவர் தொப்பை சம்மதிக்கவில்லை.

"ரெண்டும் இரும்பு மாதிரி இருக்குப்பா."

"அப்போ லேப்டாப்புல தெரியறதே அப்படியே அதுலயும் தெரியற மாதிரி செட்டிங்கை மாத்தி வைங்க. வருதான்னு பாருங்க. கஸ்டமர் நிக்கிறாரு, அப்புறம் கூப்பிடறேன்."

மாற்றினார். வரவில்லை. கிடக்கிறது போ என்று லேப்டாப்பிலேயே வரையத் தொடங்கினார்.

வரைந்தது மனைவிக்கு ஒரு தையல் அறை. "ஊருக்கெல்லாம் வீடு வரையறீங்க, எனக்குத் தைக்க ஒரு மூலை உண்டா?" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். பாவம், ஹாலில் டிவிக்கு எதிரே மிஷினைப் போட்டுக்கொண்டு, போவோர் வருவோர் காலிலெல்லாம் துணி மிதிபடத் தைக்கிறாள். மொட்டை மாடியில் அறை எழுப்பக் கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது. அவளிடம்தான் மூச்சு விடவில்லை.

அவளிடம் எதையாவது மறைக்க முடிந்தால்தானே! ஒரு தடவை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த கைக்கடிகாரத்தை மறுநாள் அவளே கட்டிக்கொண்டு வந்து, "மணி என்னன்னு கேளுங்களேன்," என்று நின்றாள். இந்தத் தடவை விடக் கூடாது. சாயங்காலம் பெரிய மானிட்டரில் அறையை முழுசாக நிறுத்தி, அவளைக் கூப்பிட்டு, அவள் வாயைப் பிளப்பதை ஒரே ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஹாலில் டிவி சத்தமே இல்லை. தம் வேலை கெடக் கூடாதென்று மாமியார் சீரியலைக்கூடத் தியாகம் செய்திருக்கிறார் என நினைத்தபோது மனிதர் நெகிழ்ந்தே போனார்.

காலடிச் சத்தம். சட்டென்று வேறு யாரோ வீட்டுப் பிளானை மேலே இழுத்துப் போட்டார். மனைவி டீயை வைத்தாள்.

"என்னங்க, தைக்கிற இடத்துல இடது பக்கமா ஜன்னல் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! கை நிழல் துணியில விழாது," என்று அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிளான்காரருக்குப் புல்லரித்தது. இப்போதுதான் ஜன்னலை வலது பக்கம் வைத்திருந்தார். உடனே மாற்றினார்.

டம்ளரை எடுக்க வந்தவள், "இஸ்திரி போட அந்தக் கோடிக்கு ஓட வேண்டியிருக்கு. மேஜைகிட்டவே ஒரு பிளக் இருந்தா என்ன குறைஞ்சா போகும்?" என்று அலுத்துக்கொண்டாள். பிளக் வந்தது.

அவர் அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மாமியாரும் வாசலில் வந்து நின்றார். "தைக்கிறவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் உட்கார ஒரு பெஞ்சு வேணும் மாப்பிள்ளை. அப்புறம், துணி அலமாரிக்குக் கதவு இல்லேன்னா ஒரே தூசிதான். பொதுவாச் சொல்றேன்."

"சரிங்க அத்தை," என்று பெஞ்சைப் போட்டார். கதவை வரையப் போகும்போது போன் அடித்தது.

"மானிட்டர் வந்துச்சா மாமா?"

"அது வரலை. ஆனா ஒரு அதிசயம் கேளு மச்சான். நான் மனசுல நினைக்கிறது அப்படியே உங்க அக்கா வாயில வருது! இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினது வீண் போகலைடா!"

"சந்தோஷம். இப்போ ஸ்கிரீனையெல்லாம் பழையபடி தனித்தனியாப் பிரிச்சு விடுங்க. பக்கத்துலயே 'அடையாளம் காட்டு'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க. எத்தனை ஸ்கிரீன் மாட்டியிருக்கோ, ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர் பெரிசா வந்து நிக்கும்."

பிரித்துவிட்டு அமுக்கினார். "லேப்டாப்புல ஒண்ணு. வலது மானிட்டர்ல மூணு. இடதுல ஒண்ணையும் காணோம்."

"மூணு வந்தா ரெண்டாம் நம்பரும் எங்கேயோ வந்திருக்கணுமே! நல்லாத் தேடுங்க மாமா."

"எங்கேன்னுப்பா தேடறது, மேஜைக்கு அடியிலயா?"

அப்போது ஹாலிலிருந்து மாமியாரின் குரல் கணீரென்று கேட்டது. "மாப்பிள்ளை, நேத்து வயர் மாட்டிப் படம் காட்டினீங்களே, அந்த டிவியில தையல் ரூமைக் காணோம், பெரிசா ரெண்டுன்னு வந்து நிக்குது! அலமாரிக்குக் கதவு வெச்சீங்களான்னு நாங்க இன்னும் பார்க்கவே இல்லையே!"

"ஐயோ, சும்மா இரும்மா! நமக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே இருக்கணும்னு காலையிலேருந்து எத்தனை தடவை சொன்னேன்!"