காந்த சார்ஜரின் முனை

சுகந்தி ஊக்கின் நுனியை போனின் சார்ஜ் துளைக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினாள். நான்கு மணிக்குக் கணவன் வந்துவிடுவான். காந்த சார்ஜரின் குட்டி முனை துளையை அடைத்துக்கொண்டிருந்தது. அது இருக்கும்வரை வீட்டிலிருந்த சாதாரண ஒயர் உள்ளே நுழையாது. அதற்குப் பொருந்தும் காந்த ஒயரோ, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனவனின் பையில் இருந்தது. நகத்தால் இழுத்தாலே வந்துவிட வேண்டிய முனை, பசை போட்டு ஒட்டியிருந்ததால் அசைவேனா என்றது.

கட்டைவிரலில் ரத்தம் வந்தபோது முனையும் வந்தது. ஒயரைச் செருகினாள். இரண்டு சதவீதம் ஏறியதும், செல்போன் கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய் குமணா, உங்க மாமா என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாருடா. நேத்து அடிச்ச அடியில இடது கையைத் தூக்க முடியல. உடனே வண்டிய எடுத்துட்டு வா."

"உன் போன்லேர்ந்தாக்கா பேசுற?" என்றான் அவன்.

"என்னடா, நான் செத்தப்புறம் மாலையோட வரலாம்னு இருக்கியா?"

"இல்லக்கா..." அவன் குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "எடுக்கவே வராதுன்னு மாமாகிட்ட சொல்லித்தானே ஒட்டிக் கொடுத்தேன். எப்படிக்கா கழட்டின?"